மலைச்சாலையில் கியர் விழாத வண்டி

உப்பு வணிகராகிய உமணர் தொலைவழி செல்லுங்கால் தம் வண்டியின் அடிமரத்தில் உதிரியாக ஓர் அச்சினைக் கட்டிச் செல்வது பண்டை வழக்கம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார் அவனை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டதைப் புறநானூற்று 102 ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிவர். எருதுகள் பழக்கம் இல்லாதவை. ஏற்றிய பாரமோ பெரிது. இறக்கத்திலும் ஏற்றத்திலும் வண்டிக்கு என்ன நேருமோ என்று உமணர் அஞ்சினர். அந்த அச்சத்துக்குக் கண்ட மருந்தே சேம அச்சு.

இந்தப் பாட்டை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் என் உடம்பில் உறைத்தது பினாங்குத் தீவின் மலைச்சாலை ஒன்றில், கியர் விழாமல் நின்றுபோன ஒரு காருக்குள் இருந்தபோதுதான்.

பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயர் தீவின் மறுபுறம் என்று பொருள்படும். ஜார்ஜ் டவுன் நகரம் தீவின் கிழக்கே இருக்க, பாலிக் புலாவ் மேற்கே இருக்கிறது. இடையே குன்றுத்தொடர் ஒன்று மதில்போல் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சாதிக்காய்த் தோட்டங்களும் கிராம்புத் தோட்டங்களும் இருந்தன. ஆயர் ஈத்தாமிலிருந்து குன்றைக் கடந்து ஒரு குதிரைப்பாதை சென்றது. இன்று அங்குச் செல்ல மூன்று வழிகள் உள. தெற்கே தெலுக் கும்பார் வழியாகக் கெந்திங் மேட்டைக் கடந்து போகலாம். வடக்கே தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக வளைந்து போகலாம். நடுவே பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் ஏறி இறங்கலாம். 1975 முதல் 1981 வரை பினாங்கின் ஆளுநராக இருந்த துன் சார்டோன் ஜுபிரின் பெயர் தாங்கிய சாலை அது. எவ்வழியாயினும் மேடு ஏறாமல் பாலிக் புலாவை அடைதல் இயலாது.

டுரியான் பருவத்து ஞாயிறு ஒன்றில் நடுவழியாகிய அந்தச் சாலையில் நண்பர் ஒருவரின் பழத்தோட்டத்துக்குப் புறப்பட்டேன். பருவகாலத்தில் அங்கே வண்டிகள் எறும்புச்சாரை போல ஊர்ந்து செல்லும். நின்று, நகர்ந்து, மறுபடியும் நின்று, ஒருவாறு ஏற்றத்தை முடித்துவிட்டேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒருமுறை நின்ற வண்டி பிறகு நகர மறுத்துவிட்டது. கிளட்சை அடிவரை மிதித்தும் முதற் கியர் உள்ளே போகவில்லை. பின்கியரைத் தொட்டேன், பல்லைக் கடிப்பது போன்ற அலறல் எழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஒலிப்பான் அழுத்தத் தொடங்கினர். கைப்பிரேக்கை மெல்லத் தளர்த்தி, இறக்கத்தின் சரிவிலேயே உருட்டி, சாலையோரப் புல்லில் வண்டியை நிறுத்தினேன்.

தொலைபேசியில் விசாரித்த பட்டறைக்காரர் ஒருவர், கேட்ட மாத்திரத்தில், கியர்ப்பெட்டி போய்விட்டது, இழுவை வண்டி அனுப்புகிறேன், பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் காரின் மதிப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு! நண்பரோ, ஓய்வுபெற்ற போமன் ஒருவரைத் தம் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவைத்தார். பழுது பார்ப்பவரை இந்நாட்டில் போமன் என்பர். ஆங்கிலத்துப் போர்மேன் மலாயில் மருவித் தமிழர் நாவுக்கும் வந்த சொல் அது. வந்த பெரியவர் காரின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“எஞ்ஜினை நிறுத்துங்க, வாத்தியாரே. நிறுத்திட்டு கியரைப் போட்டுப் பாருங்க.”

போட்டேன். முதற் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு, பின்கியர் எல்லாம் விழுந்தன.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. யாரு பிரிக்கணும்னு சொன்னது?”

ஒரே ஒரு சோதனை! அதைக்கொண்டு அவர் எப்படி அத்துணை உறுதியாகச் சொன்னார் என்பதை அன்று நான் அறியேன். பின்னர் மோட்டார் வண்டியின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று. கியர் தொடர்பான ஒவ்வோர் உறுப்பும் அதற்கு முன்னிருந்த ஒரு தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது. அந்த உறுப்பு கெடும்போது பழைய தொல்லையே திரும்பி வருகிறது. ஆகவே தொல்லையின் முகத்தைப் பார்த்து உறுப்பின் பெயரைச் சொல்லிவிடலாம்.

எருதுக்குக் கியர் வேண்டுவதில்லை. நின்ற நிலையிலிருந்தே அது முழு வலிமையோடு இழுக்கும்; நிற்க வேண்டுமெனில் தானும் நிற்கும். பெட்ரோல் எஞ்ஜினின் இயல்போ வேறு. நின்றுவிட்டால் அதற்கு வலிமையே இல்லை. மெல்லச் சுழன்றால் சிறிதளவும், ஓரளவு விரைந்து சுழன்றால் மிகுதியாகவும் வலிமை தரும். வண்டி நிற்கும்போதும் அது சுழன்றுகொண்டே இருத்தல் வேண்டும். இவ்விரு குறைகளும் எஞ்ஜினோடு உடன்பிறந்தவை. முதற் குறைக்கு மருந்தாக வந்தது கியர்; இரண்டாவதற்கு வந்தது கிளட்ச்.

1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முச்சக்கர வண்டிக்கு ஒரே வேகம்தான். தோல்வார் ஒன்று எஞ்ஜினின் சுழற்சியைக் கடத்தியது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே, மகன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். சமவெளியில் தொல்லை இல்லை. மேடு வந்ததும் வண்டி திணறியது; இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஊர் திரும்பிய பின் ஏற்றத்துக்கென ஒரு தாழ்ந்த கியர் வேண்டும் என்ற கருத்தை அவரே கணவருக்குச் சொன்னார் என்பது வரலாறு. உலகின் முதல் நெடும்பயணத்திலேயே கியரின் தேவையைக் கண்டு சொன்னவர் ஒரு பெண்மணி! பாலிக் புலாவ்ச் சாலையில் வண்டி ஓட்டும் எவரும் அவருக்குக் கடமைப்பட்டவரே.

கியர்ப்பெட்டிக்கு இன்று நாம் காணும் உருவத்தின் மூலத்தை 1891 இல் பிரான்சில் எமில் லெவாசோர் அமைத்தார். மரவேலை எந்திரங்கள் செய்துவந்த பன்ஹார்-லெவாசோர் நிறுவனத்தின் கூட்டாளி அவர். எஞ்ஜினை முன்னே வைத்தார். அதன் பின்னே கிளட்ச், அதன் பின்னே வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் என்று வரிசைப்படுத்தினார். நெம்புகோலைத் தள்ளினால் ஒரு சக்கரம் தண்டின்மேல் சறுக்கிச் சென்று மற்றொன்றின் பல்லிடையே பல் நுழைத்துக்கொள்ளும். சுழலும் பல்லும் சுழலும் பல்லும் மோதும்போது எழும் ஓசையை எண்ணிப் பாருங்கள். முறை முரட்டுத்தனமானது, ஆனால் வேலை செய்கிறது என்று லெவாசோரே சொன்னதாக வழங்கிவருகிறது. 1895 இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் ஓட்டப் பந்தயத்தில் 48 மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஏறத்தாழ ஓய்வின்றித் தாமே வண்டியோட்டி, அந்த முரட்டு முறையின் வலிமையை மெய்ப்பித்தார்.

1898 டிசம்பர் 24 அன்று லூயி ரெனோ என்னும் இளைஞர் பாரிசின் மோமார்த்ர் குன்றில் உள்ள செங்குத்தான லெப்பிக் தெருவில் தாம் செய்த சிறுவண்டியை ஏற்றிக் காட்டினார். மேல் கியரில் பற்சக்கரங்களின் இடையீடு இன்றி எஞ்ஜினின் சுழற்சி நேரே செல்லுமாறு அவர் அமைத்தார். இங்கும் ஒரு மேடுதான் சான்று கூறிற்று என்பதை நோக்குக.

இனித் தமிழாசிரியருக்குச் சுவை தரும் ஒரு செய்தி. நூல்களில் கியரைப் பற்சக்கரம் என்றும் பல்லிணை என்றும் எழுதுகிறோம். முதற் சொல் பொருளின் வடிவைச் சொல்கிறது. இரண்டாவது அதன் தொழிலைச் சொல்கிறது. பல்லோடு பல் இணைந்தாலன்றி வலிமை கடவாது ஆதலின், பல்லிணை என்பதே எனக்கு உகந்தது. ஆனால் ஓட்டுநர் வாயில் வழங்கும் கியர் விழுதல் என்னும் தொடர் இவ்விரண்டையும் விஞ்சுகிறது. பல் தனக்குரிய பள்ளத்தில் சென்று அமர்வதை விழுதல் என்ற ஒரு வினை எத்துணை அழகாகப் பிடித்துவிட்டது! எந்தக் கலைச்சொற் குழுவும் கூடி ஆக்கியதன்று அது. வண்டியோட்டிகள் கையால் உணர்ந்து வாயால் சொன்னது.

லெவாசோர் முறையில் பல் விழ வேண்டுமெனில், இணைய வேண்டிய இரு சக்கரங்களின் பற்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அதை அமைப்பது ஓட்டுநரின் கால் திறம். கிளட்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொணர்வார். கிளட்சை விட்டு எஞ்ஜினைச் சற்று முடுக்குவார். மீண்டும் மிதித்துத் தாழ்ந்த கியரைப் போடுவார். தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று சொன்னது இதைத்தான். மலைச்சாலையில் இது பிழைத்தால் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் இறக்கத்தில் ஓடத் தொடங்கும். அப்போது பிரேக் ஒன்றே துணை; நெடு இறக்கத்தில் அதுவும் சூடேறித் தளரும்.

இத்திறம் இல்லாதவரும் வண்டி ஓட்டும்படி செய்தவர் ஏர்ல் தாம்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவர் கண்ட சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928 இல் காடிலாக் கார்களில் வந்தது. இன்றைய பெட்டிகளில் முன்கியர்களின் சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று இணைந்தே சுழல்கின்றன. நாம் நெம்புகோலால் நகர்த்துவது ஒரு வளையத்தை மட்டுமே. அவ்வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே கூம்பு வடிவான ஒரு சிறு பித்தளை வளையம் இருக்கிறது. அது முதலில் உரசி இருபக்க வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வேகம் ஒன்றாகும் வரை குறுக்கே நின்று வழிமறிக்கிறது. ஒன்றானதும் விலகி வழிவிடுகிறது. பழைய ஓட்டுநரின் கால் செய்ததை இந்தச் சிறு வளையம் செய்கிறது.

போமன் செய்த சோதனையின் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. எஞ்ஜின் ஓடும்போது கிளட்ச் முழுதும் பிரியவில்லை எனில், எஞ்ஜின் கியர்ப்பெட்டியின் முன்தண்டை விடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். பித்தளை வளையம் எவ்வளவு உரசினும் வேகம் ஒன்றாகாது. ஆகவே அது வழிவிடாது. நாம் கியர்ப்பெட்டி கெட்டது என்கிறோம். உண்மையில் பெட்டி தன் கடமையைச் செய்து, கிளட்சின் குற்றத்தை நமக்கு எடுத்துரைக்கிறது! எஞ்ஜினை நிறுத்தினால் எல்லாத் தண்டும் நின்றுவிடும், தடுக்க ஏதும் இல்லை, கியர் விழும். நிறுத்தியும் விழாவிடில் குற்றம் கிளட்சில் இல்லை. நெம்புகோலிலிருந்து பெட்டிக்குச் செல்லும் தண்டிலோ, கேபிளிலோ, பெட்டியின் உள்ளேயோ இருக்கிறது. நெம்புகோல் பிடிப்பின்றித் தொளதொளவென்று ஆடினால் அந்தக் கேபிளோ மூட்டோ கழன்றிருக்கும். பெரும்பாலும் பெட்டியைப் பிரிக்காமலே சரிசெய்யலாம். எல்லாக் கியரும் விழுந்து ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அந்தக் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கக்கூடும். அப்போதுதான் பெட்டியைப் பிரிக்கும் பேச்சுக்கு இடமுண்டு.

பின்கியர் அலறியதன் காரணமும் இதுவே. பல கார்களில் பின்கியருக்கு இந்தச் சமரச வளையம் இல்லை. அது இன்னும் லெவாசோர் காலத்திலேயே இருக்கிறது. எனவே கிளட்ச் சரியாகப் பிரியாத செய்தியை முதலில் கூவிச் சொல்வது பின்கியர்தான். மலாயாச் சாலைகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த மோரிஸ் மைனர் காரில் முதற் கியருக்கும் வளையம் இல்லை. அதை வைத்திருந்த முதியோர், நின்ற வண்டியில் முதலில் இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டுப் பிறகு முதற் கியரைப் போடுவர். இரண்டாம் கியரின் வளையம் உரசித் தண்டை நிறுத்திவிடும். உடனே முதற் கியர் ஓசையின்றி விழும். காரணம் அறிந்தோ அறியாமலோ கைவந்த வித்தை அது.

கிளட்ச் பிரியாமைக்கும் காரணம் பல. எண்ணெயழுத்தத்தால் இயங்கும் கிளட்சாயின், மிதியை இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தபின் கியர் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. கேபிளால் இயங்குவதாயின் அது நீண்டிருக்கும், இழை அறுந்திருக்கும், அல்லது மிதியின் வீண் அசைவு மிகுந்திருக்கும். பினாங்கு போன்ற ஈரநாட்டுக்கு உரிய நோய் ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் பல வாரங்கள் ஓட்டாமல் விட்ட வண்டியில் கிளட்ச்த் தட்டு துருவினால் எஞ்ஜின் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மிதி வழக்கம்போல் இறங்கும். தட்டு மட்டும் பிரியாது. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் ஆசிரியர்கள் இதை நினைவிற் கொள்வது நல்லது.

என் வண்டியில் கேபிள்தான். பெரியவர் மூடியைத் திறந்து விளக்கொளியைக் காட்டினார். கேபிளின் இழைகள் பாதிக்கு மேல் அறுந்து துடைப்பம்போல் விரிந்திருந்தன. எஞ்சிய இழைகள் நீண்டு போனமையால் மிதியின் இழுப்பு கிளட்ச் வரை முழுதும் சென்று சேரவில்லை. நெரிசலில் நூறு முறை மிதித்ததன் பயன்! மறை திருகி அவர் முடுக்கினார். “இப்ப மிதிங்க” என்றார். மிதித்தேன். ‘படார்’ என்றது, மிதி தரையில் விழுந்து கிடந்தது.

நான் இழுவை வண்டியை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

“இறக்கம்தானே, வாத்தியாரே. வண்டிக் கூட்டம் குறையட்டும்.”

மாலை சாய்ந்து சாலை ஓய்ந்தபின் அவரே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். நண்பரின் மருமகன் மோட்டார் சைக்கிளில் முன்னே சென்று வளைவுதோறும் வழி பார்த்துச் சொன்னார். பெரியவர் எஞ்ஜின் நின்ற நிலையில் முதற் கியரைப் போட்டார். கைப்பிரேக்கை விடுத்துச் சாவியைத் திருகினார். வண்டி ஒருமுறை துள்ளியது. எஞ்ஜின் உயிர் பெற்றது. அவ்வளவுதான், நகரத் தொடங்கிவிட்டோம். ஏற்றமாயின் இது எளிதன்று. சாவியைத் திருகும்போதே வண்டி நகரும் புதிய கார்கள் சிலவற்றில் கிளட்சை மிதிக்காமல் எஞ்ஜின் கிளம்பவே கிளம்பாது. இக்காரில் அந்தக் கட்டு இல்லை. தேவையானால் நிறுத்துவதற்கு எஞ்ஜினை அணைப்பது ஒன்றே வழி. அணைந்தபின் பிரேக்கும் சில மிதிகளுக்குமேல் முன்போல் இளகாது. இதை யாரும் விளையாட்டாகச் செய்து பார்க்க வேண்டா.

முதற் கியரிலேயே ஊர்ந்தோம். எஞ்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. பிரேக்கை அவர் மிக அரிதாகவே தொட்டார். கிராம்பு மரங்களும் டுரியான் மரங்களும் இருளில் பின்சென்றன. இளமையில் லாரி ஓட்டிய கதைகளை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் சாலை சமமானதும், காலைச் சற்று எடுத்து, எஞ்ஜினின் ஓசையைக் கேட்டு, கிளட்சே இல்லாமல் இரண்டாம் கியரைப் போட்டார். ஓசையே எழவில்லை. “காது இருந்தா கிளட்ச் எதுக்கு?” என்று சிரித்தார். மலேசியாவில் இன்று விற்கும் புதிய கார்களில் பெரும்பாலானவை தாமே கியர் மாற்றிக்கொள்பவை. அந்தக் காதுக்கு இனி வேலை குறைவு.

பாலிக் புலாவ் ஊர் நடுவே, கோ சியாங் தாட் என்னும் சீனச் செல்வர் 1882 இல் ஊருக்கு அளித்த நீரூற்று நிற்கிறது. அதன் அருகே, கடைகள் மூடிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவர் சாவியைத் திருகி எஞ்ஜினை அணைத்தார். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. மறுநாட் காலை கிளட்ச் கேபிள் ஒன்றை வாங்கி வந்து, தேநீர் ஆறுவதற்குள் மாட்டி முடித்தார். இரண்டு கேபிள் வாங்கச் சொல்லியிருந்தார். மற்றொன்றைச் சுருட்டிக் கட்டி என் காரின் பின்பெட்டியில் வைத்தார்.